பழைய வீட்டுக் குளியலறையைச் சீரமைத்தல்: எதை மாற்றுவது, எதைக் காப்பது

பழைய வீட்டின் குளியலறையைச் சீரமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டைல்ஸின் நிறத்திலும் குழாய்களின் வடிவத்திலும்தான் முதலில் கவனம் வைக்கிறார்கள். அந்த அறை இன்னும் முப்பது ஆண்டுகள் நிற்குமா, மூன்றே ஆண்டுகளில் கீழ்த்தளக் கூரையில் ஓதக்கறையாகத் தலைகாட்டுமா என்பதை முடிவு செய்பவை சுவருக்குள் ஓடும் குழாய்கள், தரையின் வாட்டம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, மின் இணைப்பின் எர்த் கம்பி ஆகியவையே. ஆகவே மறைந்திருப்பவற்றை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பழைய தரை, பித்தளைக் குழாய், மரக்கதவு போன்றவற்றில் உறுதியாக இருப்பவற்றை இயன்றவரை காப்பாற்ற வேண்டும். நடைமுறையில் பலரும் இதற்கு நேர்மாறாக, நன்றாயிருந்த தரையை உடைத்துக் கொட்டிவிட்டு, அரித்துப்போன குழாயின் மேல் புதிய டைல்ஸை ஒட்டிவிடுகிறார்கள்.

இடிப்பதற்கு முன்

சம்மட்டியை எடுப்பதற்கு முன் நீர் எங்கிருந்து கசிகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். கசிவு மூன்று வகைப்படும்; அது தோன்றும் நேரத்தைக் கொண்டே அவற்றைப் பிரித்தறியலாம். இரவும் பகலும் ஓயாமல் ஓதம் தெரிந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் வரத்துக் குழாயில் கசிவு இருக்கக்கூடும். வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஓரிரு மணி நேரம் நீர் மானியைக் கவனித்தால், மானியின் முள் நகர்வதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகோ வாஷ் பேசினைக் காலி செய்த பிறகோ மட்டும் சொட்டினால், கழிவுநீர்க் குழாயின் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். குளித்த பிறகு மட்டும் ஈரம் தெரிந்தால் தரையோ, தரையும் சுவரும் சேரும் மூலையோதான் காரணமாக இருக்கும். தரையில் உள்ள வடிகாலை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் இது உறுதியாகும். கழிப்பறையின் நீர்த்தொட்டியில் சிறிது வண்ணம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால், அந்த வண்ணம் கீழே உள்ள பீங்கானில் தெரிகிறதா என்பதிலிருந்து தொட்டியின் அடைப்பான் தேய்ந்திருப்பதையும் அறியலாம்.

சுவர் ஈரமாக இருந்தால், அந்த ஈரம் உள்ளிருந்து வருகிறதா, அறையின் நீராவி குளிர்ந்து படிவதா என்ற ஐயம் எழும். ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் பிசின் நாடாவால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. டைல்ஸை மரக்குச்சியால் தட்டிப் பார்த்து, வெற்றொலி தரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது அடுத்த வேலை.

பலரும் தவறவிடும் ஓர் அளவு, தரை மட்டம். முன்பு கட்டிய குளியலறைகளில் தரையை வெளி அறையைவிடச் சற்றுத் தாழ்த்தி அமைப்பது வழக்கம். காலப்போக்கில் பழைய தரையின் மேல் மொசைக், அதன் மேல் டைல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனதால், பல வீடுகளில் அந்தத் தாழ்வு மறைந்துபோய், வாசற்படிக்கட்டு ஒன்றே நீரைத் தடுத்துக்கொண்டிருக்கும். ரசமட்டத்தையோ நீர் நிரப்பிய குழாயையோ கொண்டு உள்ளும் புறமும் அளந்து, இன்னும் எவ்வளவு உயர இடமிருக்கிறது என்று தாளில் எழுதி வையுங்கள். பழைய டைல்ஸின் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டிவிடலாம் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால், அந்தத் தாளை எடுத்துக் காட்டினால் போதும். மட்டம் உயர்வதோடு பாரமும் கூடும், கீழே உள்ள கசிவும் அப்படியே நீடிக்கும். சுவரில் சில சூழல்களில் இதை ஒப்புக்கொள்ளலாம். குளியலறைத் தரையில் இதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

இடிக்கும்போது எழும் தூசியிலும் ஆபத்து உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கல்நார் கலந்த சிமென்ட் குழாய்களும் தகடுகளும், சில வினைல் தரை ஓடுகளும் அவற்றின் பசையும் புழக்கத்தில் இருந்தன. கல்நார் இழைகள் நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. ஐயமிருந்தால் அந்தப் பொருளை அறுக்காமல், துளையிடாமல், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்த பின், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். பழைய கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, அந்தக் கசடைக் குழந்தைகள் அணுகாத இடத்தில் சேர்க்க வேண்டும்.

வரத்துக் குழாய்கள்

எந்த உலோகக் குழாய் ஓடுகிறது என்பதை ஒரு காந்தத்தையும் ஆணியையும் கொண்டே அறியலாம். காந்தம் ஒட்டினால் அது துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது ஜி.ஐ. குழாய். காந்தம் ஒட்டாமல், கீறினால் வெள்ளி போல் மின்னும் மென்மையான சாம்பல் நிறக் குழாய் ஈயமாக இருக்கும். அதன் வழியே வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது. வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் ஈயக் குழாயை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு தேய்ந்த பிறகு இரும்பு உள்ளிருந்து துருப்பிடித்து, துரு படிந்து படிந்து துளை சுருங்கிக்கொண்டே வரும். காலையில் முதலில் திறக்கும்போது நீர் செம்பழுப்பாக வருவதும், நாளடைவில் நீரின் வேகம் குறைவதும் அதன் அறிகுறிகள். இத்தகைய குழாயில் கசியும் துண்டை மட்டும் வெட்டி மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. திருகி இறுக்கும்போது ஏற்படும் அதிர்விலேயே அடுத்த நலிந்த இணைப்பு விட்டுப்போகும். குளியலறைக்குள் வரும் குழாய் முழுவதையும் ஒரே முறையில் மாற்றிவிடுவதே நல்லது. புதிதாகத் தாமிரக் குழாய் போட்டு, அதை எஞ்சியிருக்கும் இரும்புக் குழாயுடன் நேரடியாக இணைத்தால், இரு உலோகங்களுக்கிடையே நிகழும் மின்வேதி அரிமானத்தால் இரும்பு விரைவில் கெடும். இடையில் மின்தடுப்பு இணைப்பானைப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் குழாய் போடுவதானால், சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கு ஏற்றதன்று, அதற்கென உள்ள சி.பி.வி.சி. போன்ற வகைகளையே பயன்படுத்த வேண்டும்.

குழாய் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது பளு தாங்கும் சுவரா என்று பார்ப்பது அவசியம். செங்குத்துக் காடியின் ஆழம் சுவரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர்களில் இதையும் குறைத்துக்கொள்வது நல்லது. இயந்திர அதிர்வில் செங்கற்களே தளர்ந்துவிடும். குழாய் பதித்த பிறகு, பூச்சு வேலைக்கு முன்பே, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீரை நிரப்பிச் சோதித்து, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்பதை நீங்களே பார்க்க வேண்டும். அளவு நாடாவைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வைத்தால், பின்னாளில் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே இருக்கிறது என்ற கவலை இராது.

கழிவுநீர்

கழிப்பறைத் தொட்டியை, அதாவது கழிப்பறைப் பீங்கானை, வேறு சுவருக்கு மாற்றும் ஆசை பலருக்கும் வருகிறது. அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற வாட்டம் கொடுத்தால், மூன்று மீட்டர் தூரத்துக்குக் குழாய் 75 மில்லிமீட்டர் தாழ வேண்டும். குழாயின் பருமனையும் அதன் மேல் வரும் தரையையும் சேர்த்தால், பழைய தளத்தில் அவ்வளவு ஆழம் பெரும்பாலும் கிடைக்காது. வாட்டத்தைக் குறைத்து ஒப்பேற்றினால் அடைப்பு வழக்கமாகிவிடும். தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாஷ் பேசினையும் குளிக்கும் இடத்தையும் மாற்றியமைப்பது எளிது. புதிய தொட்டி வாங்கும்போது, சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை உள்ள தூரத்தை, வரப்போகும் டைல்ஸின் பருமனைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். இந்த ஒன்றில் பிசகினால், வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப நேரும்.

வடிகாலிலிருந்து நாற்றம் வந்தால் வாசனைத் திரவியம் அதைத் தீர்க்காது. ஒவ்வொரு வடிகாலின் கீழும் உள்ள ட்ராப் எனும் வளைவில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீர் எப்போதும் தேங்கி நின்று, சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்க வேண்டும். காற்றுப் போக்குக் குழாய் இல்லாத பழைய வீடுகளில், மேலிருந்து பெருமளவு நீர் இறங்கும்போது அந்தத் தேங்கிய நீரும் சேர்ந்து உறிஞ்சப்பட்டுவிடும்; ‘களக் களக்’ என்ற ஓசையே அதன் அடையாளம். அப்படியானால் கூரைக்கு மேல் வரை செல்லும் காற்றுப் போக்குக் குழாயைச் சேர்ப்பதே நிரந்தரத் தீர்வு.

பழைய நீர்த்தொட்டிகள் ஒரு முறைக்கு ஒன்பது லிட்டரோ அதற்கு மேலோ நீரைக் கொட்டின. இன்றைய இரட்டை விசைத் தொட்டிகள் ஆறு லிட்டரும் மூன்று லிட்டரும் கொட்டுகின்றன. நீர் மிச்சமாவது நல்லதே. ஆனால் வெளியே செல்லும் குழாய், உட்புறம் சொரசொரப்பேறிய வார்ப்பிரும்பாகவோ இணைப்புகள் விலகிய மண்குழாயாகவோ இருந்தால், குறைந்த நீர் கழிவை நெடுந்தூரம் தள்ளிச் செல்லாது. கேமரா அனுப்பி அந்தக் குழாயை ஒரு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகு தொட்டியைத் தேர்வு செய்வது முறை.

தரையும் நீர்க்கசிவுத் தடுப்பும்

செலவைக் குறைக்க நேர்ந்தால் வேறு எங்கும் குறைத்துக்கொள்ளலாம், இந்த ஒரு வேலையில் மட்டும் கூடாது. டைல்ஸோ அதன் இடைவெளியில் பூசும் கிரௌட்டோ நீரைத் தடுப்பவை என்று எண்ணுவது பரவலான தவறு. கிரௌட்டின் நுண்துளைகள் வழியே நீர் இறங்கவே செய்யும். அதைத் தடுத்து வடிகாலுக்கு அனுப்புவது அடியில் உள்ள பூச்சின் வேலை.

கழிவுக் குழாய்களை மறைப்பதற்காகத் தளத்தைத் தாழ்த்தி அமைத்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசல்களால் நிரப்பிய குளியலறைகளில் ஒரு பெருங்குறை உண்டு. மேலே பூச்சு விரிசல் விட்டதும் நீர் அந்த உடைசலுக்குள் இறங்கித் தேங்கிவிடும். குளித்துப் பல நாள்கள் ஆன பின்னும் கீழ்த்தளத்தில் ஈரம் மாறாமலிருப்பது இதனால்தான். அத்தகைய நிரப்பலை முழுவதும் அகற்றி, தாழ்தளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒரு முறை தடுப்புப் பூச்சு கொடுத்து, நுரைக் கான்கிரீட் போன்ற எடை குறைந்த பொருளால் நிரப்பி, அதன் மேல் வாட்டத்துடன் சாந்துப் படுகை அமைத்து, அந்தப் படுகையின் மேல் இரண்டாம் முறை தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். மரச் சட்டங்களின் மேல் அமைந்த தளமாயின், கழிப்பறைத் தொட்டியைச் சுற்றியுள்ள மரத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால், அந்த மரம் உளுத்துவிட்டது. அதை மாற்றாமல் மேலே எதுவும் செய்யக் கூடாது.

வாட்டத்தைப் படுகையிலேயே கொடுத்துவிட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. 60-க்கு 1 என்ற அளவு பொதுவாகப் போதும்; ஒன்றரை மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் தாழ்வு. குளிக்கும் இடத்தில் இதைச் சற்றுக் கூட்டலாம். படுகை உலர்ந்ததும், தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கூராக விடாமல் சாந்தால் வளைத்து மழுக்க வேண்டும். குழாய்கள் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களைச் சுற்றிச் சிறு பள்ளம் வெட்டி, சுருங்காத சாந்தால் நிரப்ப வேண்டும். பெரும்பாலான கசிவுகள் பரந்த தரையில் தோன்றுவதில்லை, இந்த மூலைகளிலும் குழாய் விளிம்புகளிலும்தான் தோன்றுகின்றன. ஆகவே அங்கே கண்ணாடியிழை வலையைப் பூச்சுக்குள் பதிக்க வேண்டும். பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை, முதல் கை ஒரு திசையிலும், அது உலர்ந்த பின் இரண்டாம் கை அதற்குக் குறுக்குத் திசையிலுமாக அடிக்க வேண்டும். எல்லாச் சுவர்களிலும் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரம் வரையிலும், குளிக்கும் இடத்துச் சுவரில் 1,800 மில்லிமீட்டர் வரையிலும், வாசற்படியின் மேலும் அந்தப் பூச்சு தொடர்ந்து செல்ல வேண்டும்.

பூச்சு நன்றாக இறுகிய பின் வடிகாலை அடைத்து, நீர் தேக்கி, அதன் மட்டத்தைப் பென்சிலால் குறித்து இரண்டு நாள் விட வேண்டும். ஆவியாவதால் ஏற்படும் சிறு இறக்கத்தைக் கணக்கில் கொண்டு, கீழ்த்தளத்தையும் பக்கத்து அறைச் சுவரையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு நாள் ஒதுக்க மறுக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைத் தராமலிருப்பதே உத்தமம். சோதனை முடிந்த பிறகு தரையில் எதையும் துளையிட்டுப் பொருத்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

சுண்ணாம்புச் சுவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன் வெளிப்பக்கத்தில் கெட்டியான சிமென்ட் பூச்சும் நீர்புகா வண்ணமும், உட்பக்கத்தில் தடுப்புப் பூச்சும் கொடுத்து இருபுறமும் அடைத்துவிட்டால், உள்ளே சிக்கிய ஈரம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, வெண்பூவாகப் பூத்துப் பூச்சையே உதிர்த்துவிடும். உட்புறம் நனையும் பகுதியை மட்டும் அடைத்து, வெளிப்புறத்தைச் சுண்ணாம்புப் பூச்சிலேயே விடுவது சுவருக்கு நன்மை. ஒட்டுப்போடும் இடங்களிலும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துங்கள். சிமென்ட் ஒட்டின் விளிம்பில் விரிசல் தவறாமல் வரும்.

மின்சாரமும் காற்றும்

பழைய வீடுகளில் எர்த் கம்பியே இல்லாமலிருக்கலாம். அல்லது உலோகத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருக்கலாம். அந்தக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றே வீட்டின் எர்த் இணைப்பு அறுந்துபோகும் என்பதைப் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் தனித்தனியே வந்து போகும் இடங்களில் யாரும் கவனிப்பதில்லை. குழாய் மாற்றும் முன்பே எர்த் இணைப்பைச் சோதித்துத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். கீசருக்குத் தனிச் சுற்றும், குளியலறை முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். குளியல் தொட்டிக்கோ ஷவருக்கோ அருகில் ஸ்விட்ச் எதுவும் இருக்கக் கூடாது. அறைக்கு வெளியே வைப்பதே மேல். நனையக்கூடிய இடத்தில் பொருத்தும் விளக்கு, நீர்த் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 தரத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும்.

பழைய சன்னல்களின் இடுக்குகள் வழியே தானாக நடந்துகொண்டிருந்த காற்றோட்டம், இறுக்கமான புதிய சன்னல் வைத்ததும் நின்றுபோய், சில மாதங்களில் கூரையில் பூஞ்சை படரும். அறையின் கன அளவை எட்டால் பெருக்கி, அந்த அளவு காற்றை ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தேர்வு செய்யலாம். 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள அறைக்கு ஏறத்தாழ 93 கனமீட்டர் வரும். கதவின் அடியில் விரற்கடை அளவு இடைவெளி விட்டால்தான் வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரும்.

பழையவற்றைக் காப்பது

பழைய சிமென்ட் பூ ஓடுகள், மொசைக், சலவைக்கல், ரெட் ஆக்சைடு தரை ஆகிய நான்குக்கும் அமிலம் எமன். கறை போவது போல் தோன்றினாலும், அது மேற்பரப்பைக் கரைத்துத் துளைகளைத் திறந்துவிடுவதால், அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும். காரமும் அமிலமும் இல்லாத சோப்பு நீரும், மென்மையான தூரிகையும், பொறுமையுமே போதும். மொசைக்கையும் சலவைக்கல்லையும் இயந்திரத்தால் மீண்டும் அரைத்து மெருகேற்றலாம். பூ ஓடுகளின் வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர்களே இருக்கும் என்பதால் அவற்றை அதிகம் அரைக்கக் கூடாது. தரையைத் தோண்டியே ஆக வேண்டுமென்றால், ஓடுகளைச் சுற்றியுள்ள சாந்தை முதலில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். சில உடையத்தான் செய்யும். எஞ்சியவை முழுத் தரைக்கும் போதாவிட்டால், நனையாத பகுதியில் ஒரு விரிப்பைப் போலப் பதித்து, சுற்றிலும் ஒரே நிறத்தில் புதிய ஓடுகளைப் போடலாம். அதே போன்ற புது ஓடுகளைத் தேடி அலைந்து, சற்றே மாறுபட்ட நிறத்தில் கலந்து போடுவதைவிட இது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பித்தளைக் குழாய்கள் சொட்டினால், பெரும்பாலும் வாஷரை மாற்றி, அது அமரும் விளிம்பை அதற்கான கருவியால் தேய்த்துச் சமன் செய்தாலே பல ஆண்டுகள் உழைக்கும். மாற்று உறுப்பு வாங்கும் முன் புரியின் அளவை ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி சற்றே மங்கியிருந்தால் துலக்கி அப்படியே பயன்படுத்தலாம். அதன் மேல் புதிதாக அடித்துத் தரும் பூச்சு, உலையில் சுட்ட எனாமல் அன்று, ஒரு வகை வண்ணப்பூச்சே. சொரசொரப்பான தூளால் தேய்த்தால் உரிந்துவிடும். விரிசல் விட்ட பீங்கான் கழிப்பறைத் தொட்டியை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதை நம்பகமாக ஒட்ட வழியில்லை. அடிப்பகுதி மட்கிய மரக்கதவில், கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, அதே மரத்தில் துண்டு பொருத்தி, அடி விளிம்பின் வெட்டுமுகத்தில் இரண்டு மூன்று கை பூச்சு கொடுத்தால் கதவு பிழைத்துக்கொள்ளும்.

முடிவு வேலைகள்

பழைய வீட்டுச் சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்பது அரிது. ஆகையால் சுவர் ஓரத்திலிருந்து டைல்ஸைத் தொடங்காமல், அறையின் நடுவில் நூல் பிடித்து அங்கிருந்து இருபுறமும் போக வேண்டும். கோணல் ஓரங்களில் வெட்டுத் துண்டுகளுக்குள் அடங்கிவிடும். தரைக்கு வழுக்குத் தடைத் தரம் ஆர்-10, குளிக்கும் இடத்துக்கு ஆர்-11 என்று பார்த்து, இயன்றவரை சிறிய ஓடுகளை எடுத்தால், வாட்டத்தோடு அவை நன்கு இணங்கும். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரௌட்டை விடுத்துச் சிலிக்கோன் பூச வேண்டும், ஏனெனில் அங்கே சிறு அசைவு எப்போதும் இருக்கும்.

முதியவர்கள் உள்ள வீடாயின், கைப்பிடிக் கம்பிகள் வரும் இடங்களை டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நொறுங்கும் பழைய செங்கல்லில் சாதாரணத் திருகாணி ஆளின் எடையைத் தாங்காது. வேதிப் பசையுடன் பதிக்கும் திருகாணியோ, முன்கூட்டியே பதித்த கான்கிரீட் கட்டையோ வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியும்படி, கதவு வெளிப்புறமாகத் திறப்பதும் நல்லது.

வேலை முடிந்த பின் எஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியையும், கிரௌட்டின் நிற எண்ணையும், சுவர்ப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். மூலைகளில் உள்ள சிலிக்கோனை ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, விளிம்பு பிரிந்திருந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்து, நன்கு உலரவிட்ட பின் புதிதாகப் பூசுங்கள். பழையதன் மேலேயே பூசினால் அது ஒட்டாது.